வயிற்றுக்குள் ஒன்றரை மணி நேரம்: 'சூடான கீமோ' என்றால் என்ன?

"அம்மா வயித்துக்குள்ள சூடா கீமோ ஊத்தப் போறாங்களாம். வெந்துடாதா?"

பழைய அலுவலகத் தோழி போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவளுடைய அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று சுற்று கீமோ முடிந்துவிட்டது. அடுத்தது ஆபரேஷன். அந்த ஆபரேஷனோடு சேர்த்து 'ஹைபெக்' (HIPEC) என்று ஒன்று, அதாவது வயிற்றுக்குள் விடும் இந்தச் சூடான கீமோவைச் செய்யலாம், வீட்டில் பேசிவிட்டு வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது என்னவென்றே தெரியாமல் வீட்டில் எதைப் பேசுவது?

அன்று அவளோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினேன். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருத்துவ ஆய்வுகளைப் படித்துத் தமிழில் எழுதுகிறவள். முடிவெடுக்க வேண்டியது நீங்களும் உங்கள் டாக்டரும்தான். அவர் பேசுவது உங்களுக்குப் புரிந்தால், அந்த முடிவு உங்களுடையதாகவும் இருக்கும்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். வேகாது. மருந்தின் சூடு 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரைதான். நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 104 டிகிரி காய்ச்சல் என்றால் அது 40 செல்சியஸ். 42 என்பது கொஞ்சம் தூக்கலாக விளாவிய குளியல் வெந்நீர். கொதிநிலைக்கும் இதற்கும் வெகு தூரம். இவ்வளவு குறைந்த சூடு புற்றுநோயை என்ன செய்துவிட முடியும் என்று தோன்றுகிறதா? அதைப் புரிந்துகொள்ள இந்த நோய் வயிற்றுக்குள் எப்படிப் பரவுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வயிற்றுக்குள் குடல், கல்லீரல், மண்ணீரல், கர்ப்பப்பை எல்லாவற்றையும் ஈரமான, பளபளப்பான ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. வயிற்றுச் சுவரின் உட்புறத்திலும் அதே உறைதான் ஒட்டியிருக்கிறது. பெரிட்டோனியம் என்பார்கள், நாம் வயிற்று உறை என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு மடிப்பாக இருக்கும் அதை விரித்துப் போட்டால் உடம்பின் மொத்தத் தோல் பரப்புக்குக் கிட்டத்தட்ட சமமாக வரும். குடல் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கி நகர, உறைக்கு நடுவே கொஞ்சம் திரவமும் உண்டு.

சினைப்பை இந்த அறைக்குள் திறந்தபடி இருக்கும் உறுப்பு. (சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, சினைப்பைக்குப் பக்கத்தில் உள்ள கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.) மார்பகத்திலோ நுரையீரலிலோ வரும் புற்றுநோய் பெரும்பாலும் நிணநீர், ரத்தம் வழியாகத் தொலைவுக்குப் போகிறது. சினைப்பைப் புற்றுநோய் அதிகம் நம்பியிருப்பது இந்தத் திரவத்தை. செல்கள் உதிர்ந்து, மிதந்து, நாம் மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் அந்தத் திரவம் போகும் போக்கில் வலப்பக்கமாக மேலேறி, கல்லீரலுக்கு மேலே உதரவிதானம் வரை போய் ஒட்டிக்கொள்கின்றன. குடலுக்கு முன்னால் ஏப்ரன் போலத் தொங்கும் கொழுப்புத் திரை ஒன்று இருக்கிறது, ஓமெண்டம் என்று பெயர். அது இந்தச் செல்களுக்கு மிகப் பிடித்த இடம். பட்டாணி அளவிலும், ரவை அளவிலும், கண்ணுக்கே தெரியாத அளவிலும் முடிச்சுகள் அங்கங்கே விழுகின்றன.

இவ்வளவு நடந்தும் வலி பெரிதாக இருக்காது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்றில் கனம், அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருப்பது. இதைக் கேஸ் என்றும் வயசு என்றும் சொல்லி நம் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரமாக நாள்தோறும் இப்படி இருந்தால், தயவுசெய்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இருப்பது போல, அறிகுறி இல்லாத பெண்களிடம் இதை முன்கூட்டிப் பிடிக்க நம்பகமான சோதனை இன்னும் கிடையாது. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் இந்த நோயால் வரும் சாவைக் குறைக்கவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. அதனால்தான் நோய் தெரியவரும்போது பெரும்பாலானவர்கள் மூன்றாம், நான்காம் நிலையில் இருக்கிறார்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். அடிப்படை இரண்டுதான்: ஆபரேஷன், கீமோ. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுவார்கள், வழக்கமாக ஆறு சுற்று. முதலிலேயே ஆபரேஷன் செய்து எல்லாவற்றையும் எடுக்க முடியும் என்றால் முதலில் ஆபரேஷன். நோய் ரொம்பப் பரவியிருந்தாலோ உடம்பு தாங்காது என்றாலோ, மூன்று சுற்று கீமோ கொடுத்துச் சுருங்க வைத்து, ஆபரேஷன் செய்து, மீதி மூன்று சுற்றைப் பிறகு கொடுப்பார்கள். தோழியின் அம்மாவுக்கு நடப்பது இந்த இரண்டாவது வழி. இடையில் வரும் அந்த ஆபரேஷனை 'இன்டர்வெல் சர்ஜரி' என்கிறார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிக்கல் எங்கே என்றால், நரம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தோடுதான் போகும். உறையின் மேல் புதிதாக ஒட்டிய சின்னஞ்சிறு முடிச்சுகளுக்கு ரத்தக் குழாய் சரியாக அமைந்திருக்காது. மருந்தும் அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. அப்படியென்றால் மருந்தை நேராக வயிற்றறைக்குள்ளேயே விட்டால் என்ன? ரத்தத்துக்கும் வயிற்றறைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு இங்கே நமக்குச் சாதகமாகிறது. வயிற்றுக்குள் விட்ட மருந்து சட்டென்று ரத்தத்துக்குள் போய்விடாது. உள்ளே மருந்தின் அடர்த்தி அதிகமாகவும், மற்ற உறுப்புகளுக்குப் போகும் அளவு குறைவாகவும் இருக்கும்படி செய்ய முடியும்.

இந்த யோசனை பழையது. 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்குப் பின் வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, அதன் வழியாகச் சூடாக்காத கீமோவை ஆறு சுற்று கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (இந்தச் சொல்லைப் பின்னால் விளக்குகிறேன்) 49.7 மாதம், வயிற்றிலும் பெற்றவர்களுக்கு 65.6 மாதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் வலி, தொற்று, குழாய் அடைப்பு என்று பாடாய்ப் பட்டு, வயிற்றுவழிக் கீமோவை ஆறு சுற்றும் முடித்தவர்கள் 42 சதவீதம் பேர் மட்டுமே. நல்ல பலன் தருகிற சிகிச்சையை முடிக்க முடியாமல் போவது எவ்வளவு வருத்தமான விஷயம். ஹைபெக் இந்தத் தொல்லைக்கு ஒரு மாற்று வழி: நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, வயிறு திறந்திருக்கும்போதே, ஒரே தடவையில் முடித்துவிடுவது.

சூடு எதற்கு? இங்கே மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைபெக்கில் பெரும்பாலும் பயன்படுவது சிஸ்பிளாட்டின், பிளாட்டினம் உலோகத்திலிருந்து வந்த மருந்து. 1965-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல் போல நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. செல் பிரிவதை நிறுத்துகிறது என்றால் புற்றுநோயை நிறுத்துமா என்று தேடிப் போனதில் கிடைத்த மருந்து இது. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏவின் இழைகளைப் பிணைத்துப் போட்டுவிடும். பிணைந்த டிஎன்ஏவை வைத்துக்கொண்டு செல் பிரிய முடியாது.

புற்றுநோய்ச் செல் சும்மா இருக்காது. அந்தப் பிணைப்பை வெட்டி எடுத்துச் சரிசெய்யப் பார்க்கும். சூடு கைகொடுப்பது இந்த இடத்தில்தான். 41, 42 டிகிரியில் செல்லின் பழுதுபார்க்கும் புரதங்கள் தடுமாறுகின்றன. பிஆர்சிஏ2 என்ற புரதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க் குடும்பங்களில் பரிசோதிக்கும் அதே மரபணுவின் புரதம். உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது அதன் வேலை. மிதமான சூட்டில் அந்தப் புரதம் சிதைந்துபோவதை 2011-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதோடு, சூட்டில் செல்லின் சவ்வு இளகி மருந்து கூடுதலாக உள்ளே போகிறது. திசுவுக்குள்ளும் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது. ஆக, மருந்து அடிக்கிறது, சூடு அந்தச் செல்லை எழுந்து நிற்கவிடாமல் செய்கிறது. சூடு மட்டும் தனியாக இந்த வேலையைச் செய்யாது. ஹாட் வாட்டர் பேக், நீராவிக் குளியல், 'வெப்பச் சிகிச்சை மையம்' எதுவும் இதற்கு ஈடாகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் இருக்கும் குடும்பங்களைத் தேடி இப்படிப்பட்ட விளம்பரங்கள் வரும்.

ஆழம் என்றேனே, அது எவ்வளவு? இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஹைபெக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும். ஒரு துவரம்பருப்பு அளவு முடிச்சை அப்படியே விட்டுவிட்டு மேலே சூடான மருந்தை ஓடவிட்டால், மேல்தோல் மட்டும் சாகும், நடுப்பகுதி பிழைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் சர்ஜன் எடுத்துவிட வேண்டும், கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் ஹைபெக். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது ஆபரேஷனைப் பற்றி: தெரியும் கட்டி முழுவதையும் எடுத்துவிட முடியும் என்று நினைக்கிறாரா?

ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்ப் பார்ப்போம். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை நீளமாகத் திறந்திருக்கிறார்கள். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், ஓமெண்டம், தேவைப்பட்டால் குடலில் ஒரு பகுதி, உதரவிதானத்தின் மேல் படர்ந்த உறை எல்லாம் எடுத்தாகிவிட்டது. சர்ஜன் கையை உள்ளே விட்டு, குடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கு நடுவே ஓட்டித் தடவிப் பார்க்கிறார், எங்காவது மணல் போல நெருடுகிறதா என்று.

அப்புறம் குழாய்கள். உள்ளே போக ஒன்றோ இரண்டோ, வெளியே வரச் சில. அவற்றோடு வெப்பமானிக் கம்பிகள். குழாய்கள் ஒரு பம்புக்கும் சூடேற்றும் கருவிக்கும் போகின்றன. இதய ஆபரேஷனில் ரத்தத்தைச் சுற்றவிடும் கருவியைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கப்பட்டது போல இருக்கும். சில இடங்களில் தோலைத் தற்காலிகமாகத் தைத்து மூடிவிட்டுச் சுற்றவிடுவார்கள், சில இடங்களில் மேலே பிளாஸ்டிக் உறை கட்டித் திறந்தபடியே, கையால் கலக்கிவிட்டுச் செய்வார்கள். முதலில் வெறும் திரவம் சில லிட்டர், சூடு சரியாக வந்து நின்ற பிறகு மருந்து. ஒன்றரை மணி நேரம் அது குடல் மடிப்புகளுக்குள், கல்லீரலுக்கு அடியில், இடுப்புக்குழிக்குள் போய்ப் போய் வருகிறது. தலைமாட்டில் மயக்க டாக்டருக்கு நிற்க நேரமில்லை. உள்ளிருந்து சூடேறும் உடம்பின் வெப்பம் எல்லை தாண்டாமல் குளிர்விக்க வேண்டும், சிறுநீர் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து என்பதால், சோடியம் தயோசல்பேட் என்ற மாற்றுமருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். ரத்தத்துக்குள் கசிந்த சிஸ்பிளாட்டினை அது பிடித்துச் செயலிழக்க வைக்கும். நேரம் முடிந்ததும் மருந்தை வடித்து, கழுவி, வயிற்றைத் தைக்கிறார்கள்.

இந்த முறையை மனிதர்களிடம் முதலில் செய்தது அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஜான் ஸ்பிராட் குழு, 1980-இல் எழுதினார்கள். அது சினைப்பைப் புற்றுநோய்க்கு இல்லை, வயிற்றுக்குள் ஜெல்லி போல நிறையும் வேறொரு அரிய நோய்க்கு. சினைப்பைப் புற்றுநோயில் இது உண்மையிலேயே ஆயுளைக் கூட்டுமா என்பதற்குத் தெளிவான சான்று வர 2018 ஆனது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தின் தலைமையில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 245 பெண்களிடம் செய்த ஆய்வு அது. எல்லோருக்கும் மூன்றாம் நிலை, எல்லோரும் மூன்று சுற்று கீமோ முடித்து இன்டர்வெல் சர்ஜரிக்கு வந்தவர்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. யாருக்கு ஹைபெக், யாருக்கு இல்லை என்ற சீட்டை ஆபரேஷன் நடக்கும்போதுதான் எடுத்தார்கள். கட்டியை நன்றாக எடுத்துவிட முடியும் என்று சர்ஜன் சொன்ன பிறகே கம்ப்யூட்டர் பிரித்தது. அதனால் நல்ல நிலையில் இருப்பவர்களை மட்டும் ஒரு பக்கம் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

ஹைபெக் பெற்றவர்களுக்கு 40 டிகிரியில், உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின், 90 நிமிடம். நோய் திரும்பாமல் இருந்த காலம் 10.7 மாதத்திலிருந்து 14.2 மாதமானது. ஆயுள் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமானது. இவை இடைநிலை எண்கள். அதாவது எல்லோரையும் வாழ்ந்த கால வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருடைய கணக்கு. பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். "அம்மாவுக்கு 45 மாசம்தானா?" என்று தோழி குரல் உடைந்து கேட்டபோது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது யாருக்கும் குறித்து வைத்த தேதி கிடையாது. பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2023-இல் மறுபடி கணக்கிட்டபோதும் ஏறக்குறைய ஓராண்டு என்ற அந்த வித்தியாசம் அப்படியே நின்றது.

இன்னொரு எண்ணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைபெக் பெற்றவர்களிலும் 81 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது அல்லது மரணம் நேர்ந்தது. பெறாதவர்களில் 89 சதவீதம். இது பலரை முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நேரத்தை வாங்கித் தருகிறது. அந்த நேரத்தின் அருமை, அதற்குள் மகள் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து வந்த ஆய்வுகள் படத்தைச் சிக்கலாக்கின, தெளிவாகவும் ஆக்கின. கொரியாவில் 184 பெண்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஹைபெக்கால் பலனில்லை. பிரித்துப் பார்த்தால், முதலிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உதவவில்லை, கீமோவுக்குப் பிறகு இன்டர்வெல் சர்ஜரி செய்துகொண்டவர்களுக்கு ஆயுள் 48.2 மாதத்திலிருந்து 61.8 மாதமானது. நோய் முதல் தடவை திரும்பி, பிளாட்டினம் மருந்துக்கு இன்னும் கட்டுப்படும் நிலையில் இருந்த 415 பெண்களிடம் பிரான்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2024-இல் வந்தது: 45.8 மாதம் 54.3 ஆனது. ஆனால் நியூயார்க்கில் 98 பேரிடம், சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பலனும் தெரியவில்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில், எந்த மருந்தோடு என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. "ஹைபெக் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை.

எல்லா டாக்டர்களும் இதை ஏற்கவில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்து ஆய்வு சிறியது, ஆள் சேர்க்கவே பல ஆண்டு ஆனது, கீமோ முடிந்த பின் நோய் திரும்புவதைத் தள்ளிப்போடச் சாப்பிடும் ஒலாபரிப் போன்ற பராமரிப்பு மாத்திரைகள் பரவலாவதற்கு முன்பு நடந்தது என்பவை நியாயமான விமர்சனங்கள். அமெரிக்காவின் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன் தரும் வழிகாட்டுதல், மூன்றாம் நிலையில் இன்டர்வெல் சர்ஜரியின்போது இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. கட்டாயம் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் டாக்டர் வேண்டாம் என்றால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை, காரணம் கேளுங்கள்.

உடம்புக்கு என்ன ஆகும்? நெதர்லாந்து ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகள் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 25 சதவீதமும் 27 சதவீதமும். இது எனக்கே ஆறுதலாக இருந்தது. ஆனால் தியேட்டரில் இருக்கும் நேரம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலாகிறது. மருத்துவமனையில் தங்குவது இரண்டு நாள் கூடுகிறது. குடலில் ஒரு பகுதியை வெட்ட வேண்டி வந்தவர்களில், மலம் வெளியேற வயிற்றில் பை வைத்துக்கொண்டவர்கள் ஹைபெக் பக்கம் அதிகம். தைத்த குடலைச் சூடான மருந்தில் நனைக்கச் சர்ஜன்கள் தயங்குவதுதான் காரணமாக இருக்கலாம். இந்தப் பையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். மயக்கம் தெளிந்து எழுந்து முதல் தடவையாக அதைப் பார்ப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி. ஆபரேஷனுக்குப் பின் சில நாள் வாந்தி உணர்வு, குடல் அசைய மறுப்பது, ரத்த அணுக்கள் குறைவது, சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டியிருப்பது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. சிறுநீரகமோ இதயமோ ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு, நோய் நுரையீரல் வரை போய்விட்டவர்களுக்கு இதைப் பொதுவாகச் செய்வதில்லை. செலவும் கூடும். இன்சூரன்ஸ் இதை ஏற்குமா என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பேனா எடுக்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன் என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடியுமா, இந்த டாக்டரும் குழுவும் இதை எத்தனை தடவை செய்திருக்கிறார்கள், எந்த மருந்து, அம்மாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அதற்குச் சரியாக இருக்கிறதா, பை வைக்க வேண்டி வருமா, பிஆர்சிஏ பரிசோதனை எடுத்தாகிவிட்டதா, மீதி மூன்று சுற்று கீமோ எப்போது தொடங்கும்.

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டாள். "உள்ள ஊத்தும்போது அம்மாவுக்குச் சூடு தெரியுமா?"

தெரியாது, ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பார், கண் விழிக்கும்போது அந்த மருந்து வயிற்றுக்குள் இருக்காது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள், அம்மா கேட்டால் சொல்ல. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள்.